சிறு வணிகத்தின் கடன் அறிக்கை: வாசித்தல், சரிபார்த்தல், கண்காணித்தல்



வணிகக் கல்விப் பாடத்தில் வங்கியும் நிதியும் பற்றிய அலகைப் படிக்கும்போது "கொடுகடன் தகவல் பணியகம்" என்னும் பெயர் ஓரிரு வரிகளில் வந்துபோகும். பெரும்பாலான மாணவர்கள் அதை மனனம் செய்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவர். ஆனால் இதே நிறுவனத்தின் பெயரை நீங்கள் வீட்டிலும் கடைத்தெருவிலும் வேறு விதமாகக் கேட்டிருப்பீர்கள். "அவரு பேரு கிரிப்புல விழுந்திருச்சு, இனி எந்த பேங்க்லயும் கடன் கெடைக்காது" என்று ராகலைக் கடைவீதியில் பேசிக்கொள்வார்களே, அந்தக் கிரிப் இதுதான். கடைவீதிப் பேச்சில் பாதி உண்மை, பாதி தவறு. தவறான பாதியை நம்பியதால் வங்கிப் படியே ஏறாமல் இருந்துவிட்ட சிறு வணிகர்கள் நம்மூரில் பலர். ஆகவே பரீட்சைக்காக மட்டுமன்றி, உங்கள் வீட்டுக் கடைக்காகவும் இப்பாடத்தைக் கவனமாக வாசியுங்கள்.

பற்றுக் கொப்பியும் கடன் அறிக்கையும்

ராகலை, ஹல்கரனோயா, புரூக்சைட் போன்ற இடங்களில் உள்ள எந்தச் சில்லறைக் கடைக்குப் போனாலும் மேசை இழுப்பறையில் ஒரு தடித்த பற்றுக் கொப்பி இருக்கும். தோட்டத்துச் சம்பளம் பெரும்பாலும் மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டி வரும். அதுவரை அரிசி, மா, சீனி எல்லாம் கொப்பியில்தான். புதிதாக ஒருவர் வந்து பற்றுக் கேட்டால் கடை முதலாளி என்ன செய்வார்? அவர் எந்தத் தோட்டம், எந்த லயம், முன்பு யாரிடம் பற்று வைத்திருந்தார், சம்பளத்தன்று ஒழுங்காகக் கொடுத்தாரா என்று பக்கத்துக் கடையில் விசாரிப்பார். அந்த விசாரிப்புத்தான் கடன் அறிக்கையின் மூல வடிவம்.

வங்கிக்கு இப்படி விசாரிக்க ஒரு தடை இருந்தது. வாடிக்கையாளரின் கணக்கு இரகசியத்தைப் பேணுவது வங்கியின் கடமை. ஆகவே ஒரு வங்கியில் கடன்பட்டுத் திருப்பிச் செலுத்தாத ஒருவர் எதிர்ப்பக்கத்து வங்கியில் போய் மற்றொரு கடன் பெறுவது எளிதாயிருந்தது. இக்குறையைப் போக்கவே 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. தென்னாசியாவில் முதலாவதாகத் தொடங்கப்பட்ட கடன் தகவல் பணியகம் இதுவே. இலங்கை மத்திய வங்கியும் கடன் வழங்கும் நிறுவனங்களும் இதன் பங்குதாரர்கள். சட்டம் பின்னர் 1995ஆம் ஆண்டிலும் 2008ஆம் ஆண்டிலும் திருத்தப்பட்டது. 2009ஆம் ஆண்டு முதல் கடன்பட்டவரே தம்மைப் பற்றிய அறிக்கையைக் கேட்டுப் பெறும் வசதி நடைமுறைக்கு வந்தது. இது ஒரு முக்கியமான மாற்றம். அதற்கு முன் வணிகரைப் பற்றி வங்கிகள் அறிந்திருந்ததை வணிகர் தாம் அறிய வழியில்லை.

அமெரிக்காவில் இத்தகைய முயற்சி மிகப் பழையது. 1837ஆம் ஆண்டு நெருக்கடியில் நொடித்துப்போன நியூயோர்க் பட்டு வணிகரான லூயிஸ் டப்பன் என்பவர், கடனுக்குச் சரக்கு வாங்கும் கடைக்காரர்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டி விற்கும் நிறுவனமொன்றை 1841இல் தொடங்கினார். இன்றைய டன் அன்ட் பிராட்ஸ்ட்ரீட் நிறுவனம் அதன் வழிவந்ததே. இந்தியாவில் "சிபில்" என்று எல்லோரும் அழைக்கும் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் உறவினர் உள்ளவர்கள் "சிபில் ஸ்கோர்" என்ற சொல்லைக் கேட்டிருப்பர்.

அமெரிக்க முறைக்கும் நமது முறைக்கும் ஒரு வேறுபாட்டைக் கவனத்திற் கொள்க. அங்கே ஒரு வணிகத்தின் கடன் அறிக்கையை யார் வேண்டுமானாலும் பணம் கொடுத்து வாங்கலாம். சரக்கு வழங்குநர்கள் கொடுக்கும் தகவலும் அதில் சேரும். இலங்கையில் அவ்வாறில்லை. அறிக்கை கடன் வழங்கும் நிறுவனத்துக்கும் சம்பந்தப்பட்டவருக்குமே உரியது. பக்கத்துக் கடைக்காரர் உங்கள் தந்தையின் அறிக்கையை வாங்கிப் பார்க்க முடியாது.

அறிக்கையில் என்ன இருக்கும், என்ன இருக்காது

பணியகம் தானாகத் தகவல் தேடுவதில்லை. வர்த்தக வங்கிகள், விசேட வங்கிகள், நிதிக் கம்பனிகள், குத்தகைக் கம்பனிகள் முதலியன தம்மிடம் கடன்பட்டவர்களின் விபரங்களை வழமையாக மாதந்தோறும் அனுப்புகின்றன. பணியகம் அவற்றை ஒருவரின் தேசிய அடையாள அட்டை இலக்கத்தின் கீழும், வணிகமாயின் அதன் பதிவிலக்கத்தின் கீழும் ஒன்றுசேர்த்து வைக்கிறது.

அறிக்கையில் முதலில் ஆளடையாள விபரம் இருக்கும். அடுத்து இப்போதுள்ள கடன்கள்: தவணைக் கடன், வங்கி மேலதிகப்பற்று, லீசிங், கடனட்டை முதலியன, ஒவ்வொன்றிலும் பெற்ற தொகை, நிலுவை, பிந்திய தவணை இருப்பின் அதன் அளவு, கடந்த மாதங்களில் செலுத்திய விதம் என்பன காட்டப்படும். முடித்துத் தீர்த்த கடன்களும், போதிய பணமின்மையால் மறுக்கப்பட்ட காசோலைகள் பற்றிய விபரமும் இடம்பெறலாம். எந்தெந்த நிறுவன வகைகள் அண்மையில் உங்கள் அறிக்கையைக் கேட்டன என்ற பகுதியும் உண்டு. இவற்றோடு, நீங்கள் வேறொருவருக்குப் பிணை நின்ற கடன்களும் காட்டப்படும். பலரை வீழ்த்துவது இந்தப் பகுதிதான். அதற்குப் பின்னர் வருவோம்.

ஒழுங்காகச் செலுத்தியதும் அறிக்கையில் பதிவாகும் என்பதை மறக்க வேண்டாம். "கிரிப்பில் பெயர் இருக்கிறது" என்பது ஒரு குற்றமல்ல. வங்கிக் கடன் பெற்ற ஒவ்வொருவரின் பெயரும் அங்கு இருக்கும். கறுப்புப் பட்டியல் என்று ஒன்றைப் பணியகம் வைத்திருப்பதில்லை. இவருக்குக் கடன் கொடு, அவருக்குக் கொடுக்காதே என்று அது சொல்வதுமில்லை. தீர்மானம் வங்கியினுடையது. வங்கி அறிக்கையையும் பார்க்கும். வருமானத்தையும், கடையையும், பிணையையும் பார்க்கும். அறிக்கையுடன் மூன்று இலக்கங்களில் ஒரு மதிப்பெண்ணும் இப்போது கணிக்கப்படுகிறது. அதுவும் வங்கிக்கு ஒரு துணைக்கருவியே.

இனி, இருக்காதவை. உங்கள் சேமிப்புக் கணக்கு மீதி அறிக்கையில் வராது. கடைக்காரரிடம் வைத்த பற்று, சீட்டு, கைமாற்று, வட்டிக்காரரிடம் வாங்கிய பணம், உரக்கடையில் அறுவடை வரை சொல்லி எடுத்த உரமும் மருந்தும் எதுவும் அதில் இராது. ஆகவே பத்து வருடம் உரக்கடைக்கு ஒரு சதம் பாக்கி வைக்காமல் கொடுத்துவந்த மரக்கறிச் செய்கையாளர் ஒருவரின் நாணயம் வங்கியின் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. இது இம்முறையின் பெரிய குறை என்பது இதை எழுதுபவரின் கருத்து. மலையகத்தில் நாணயமாகக் கொடுக்கல் வாங்கல் செய்வோர் பலரின் வரலாறு வாய்ச்சொல்லிலும் கொப்பியிலுமே கிடக்கிறது. முதன்முதலாக வங்கிக் கடனுக்குப் போகும் அத்தகைய ஒருவரிடம் வங்கிக் கணக்கு ஓட்டமும் ஒழுங்கான ஏடுகளும் இருந்தால், அந்த வெற்றிடத்தை ஓரளவு நிரப்பலாம்.

யாருடைய அறிக்கை? கடையுடையதா, முதலாளியுடையதா?

இவ்வினாவுக்கு விடையளிக்க நீங்கள் முன்பு கற்ற வணிக அமைப்புக்கள் பற்றிய அலகு உதவும். தனியாள் வணிகத்துக்குத் தனியான சட்டவாளுமை இல்லை. உரிமையாளரின் பொறுப்பு எல்லையற்றது. ஆகவே கடையின் பெயர்ப்பலகையில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் கடன்பட்டவர் உரிமையாளரே. மகளின் கல்யாணத்துக்கு எடுத்த கடனும், வீட்டுத் தேவைக்கு வாங்கிய லீசிங் முச்சக்கர வண்டியும் கடைக்கான கடன் விண்ணப்பத்தோடு சேர்த்துத்தான் பார்க்கப்படும்.

பங்குடைமையிலும் பங்காளர் ஒவ்வொருவரின் தனிப்பட்ட அறிக்கை கணக்கில் எடுக்கப்படும். கம்பனி சட்டவாளுமை உடையது. அதற்கெனத் தனி அறிக்கை உண்டு. ஆயினும் சிறிய தனியார் கம்பனிக்குக் கடன் கொடுக்கும்போது வங்கி பணிப்பாளர்களின் தனிப்பட்ட உத்தரவாதத்தைப் பெரும்பாலும் கேட்கும். அவர்கள் கையொப்பமிட்டதும் கம்பனியின் கடன் அவர்களது அறிக்கையிலும் பிணையாக ஏறிவிடும். "வரையறுத்த பொறுப்பு" என்று பாடத்தில் எழுதும் மாணவர்கள் நடைமுறையில் இக்கையொப்பம் அந்த வரையறையைக் கடந்துசெல்வதையும் குறிப்பிட்டால் விடை சிறப்புறும்.

அறிக்கையைச் சரிபார்த்தல்

அறிக்கையைப் பெறும் முறை எளிது. தனிநபர் தமது தேசிய அடையாள அட்டையுடன் விண்ணப்பித்துச் சிறு கட்டணம் செலுத்திப் பெறலாம். கொழும்புக்குப் போகாமல் இணையவழியாகவும் பெறும் வசதி இப்போது உண்டு. பதிவு செய்த வணிகமாயின் பிரதேச செயலகத்தில் பெற்ற வணிகப் பெயர்ப் பதிவுச் சான்றிதழும், கம்பனியாயின் கூட்டிணைப்புச் சான்றிதழும் பணிப்பாளர் சபையின் தீர்மானமும் தேவைப்படும். இந்தியாவில் ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாக வழங்கப்பட வேண்டும் என்ற ஏற்பாடு 2017 சனவரி முதல் இருந்து வருகிறது.

அறிக்கை கைக்கு வந்ததும் என்ன செய்வது? இதற்குப் புதிதாக எதையும் கற்கத் தேவையில்லை. வங்கிக் கணக்கிணக்கக் கூற்றுத் தயாரிக்கத் தெரிந்த மாணவருக்கு இது தெரியும். அங்கே காசேட்டையும் வங்கிக் கூற்றையும் அருகருகே வைத்து ஒப்பிடுகிறோம். இங்கே வணிகரின் சொந்தக் கடன் பதிவையும் பணியகத்தின் அறிக்கையையும் ஒப்பிடுகிறோம். பின்வரும் உதாரணத்தை நோக்குக. இது விளக்கத்துக்காக அமைத்த கற்பனை உதாரணமே.

ராகலையில் சில்லறைக் கடை வைத்துக்கொண்டு, தோட்டங்களில் கரட்டும் லீக்சும் வாங்கித் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குச் சிறு லொறியில் அனுப்பும் வணிகர் ஒருவர் மேலும் கடன் பெற எண்ணுகிறார். அவரது கொப்பியின்படி வங்கிக் கடனின் நிலுவை ரூபா 480,000. லொறி லீசிங்கின் நிலுவை ரூபா 1,240,000. மொத்தம் ரூபா 1,720,000. அவர் பெற்ற அறிக்கையிலோ வங்கிக் கடன் ரூபா 480,000, லொறி லீசிங் ரூபா 1,286,500, முச்சக்கர வண்டி லீசிங் ரூபா 38,000 என இருந்தது. மொத்தம் ரூபா 1,804,500. இவற்றுக்கு வெளியே, பிணையாளர் என்ற தலைப்பின் கீழ் ரூபா 650,000 பெறுமதியான கடனொன்றும் காணப்பட்டது.

வேறுபாடு ரூபா 84,500. இதை இணக்கிப் பார்ப்போம். லொறி லீசிங்கில் உள்ள வேறுபாடு ரூபா 46,500. அது சரியாக ஒரு தவணை. அறிக்கையில் உள்ள நிலைமை கடந்த மாத முடிவுக்குரியது. தவணை இம்மாதம் 3ஆம் திகதி கட்டப்பட்டது. ஆகவே இது வழுவன்று, கால வேறுபாடு. அடுத்த மாத அறிக்கையில் தானாகச் சரியாகும். காசேட்டில் பதிந்தும் வங்கிக்குச் சமர்ப்பிக்கப்படாத காசோலையைப் போன்றது இது.

முச்சக்கர வண்டியின் ரூபா 38,000 அப்படியல்ல. அந்த லீசிங்கை அவர் சென்ற வருடமே முடித்துவிட்டார். கம்பனி தனது பதிவை மூடி அனுப்பவில்லை, அல்லது அவர் அறியாத ஏதோ ஒரு மேலதிகக் கட்டணம் மிஞ்சியிருக்கிறது. இரண்டில் எதுவாயினும் அவர் போய்க் கேட்க வேண்டியதே. கேட்காவிட்டால் அச்சிறு தொகை மாதாமாதம் நாட்பட்ட நிலுவையாகக் காட்டப்படும். நிலுவை 90 நாட்களைத் தாண்டிய கடனை வங்கிகள் செயற்படாக் கடனாகக் கொள்வதால், தொகை சிறிதாயினும் பாதிப்புச் சிறிதல்ல.

மூன்றாவது விடயம் ரூபா 650,000 பிணை. இது வழுவே அன்று. அவர் மூன்று வருடங்களுக்கு முன் கையொப்பமிட்டது; தம் கொப்பியில் எழுத மறந்தது. வங்கி மேசையில் இத்தகைய உரையாடல் அடிக்கடி நிகழும்:

"ஐயா, உங்க கடனெல்லாம் ஒழுங்காத்தான் போகுது. ஆனா பிணை நின்ன லீசிங் ஒன்னு மூணு மாசமா பாக்கி இருக்கே?"

"அது எங்க மச்சான் எடுத்தது சேர். அவரு கட்டுறாருன்னுதான் நான் நெனச்சேன்."

கணக்கீட்டில் இத்தகைய பொறுப்பை நிகழத்தக்க பொறுப்பு என்போம். இலங்கைக் கணக்கீட்டு நியமம் 37 இதைப் பற்றிக் கூறுகிறது. மச்சான் செலுத்தும் வரை அது வெளியே தெரியாது. அவர் நிறுத்தியதும் பிணையாளரின் பொறுப்பாகிவிடும். நம்மிடையே பிணை நிற்பது உறவின் கடமையாகக் கருதப்படுகிறது. "ஒரு கையெழுத்துத்தானே மாமா" என்று கேட்டால் மறுப்பது கடினம். மறுக்கும்படி இங்கு சொல்லவில்லை. பிணை நின்றவர் தமது கொப்பியில் அதை ஒரு கடனாகவே எழுதிவைக்க வேண்டும். அந்தக் கடனின் தவணைத் திகதியை அறிந்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பற்றுச்சீட்டைக் காட்டும்படி கேட்க வேண்டும். உயர்தரம் முடிக்கும்போது உங்களுக்கும் 18 வயது நிறைந்திருக்கும். முதலில் உங்களிடம் கேட்கப்படும் கையொப்பம் பிணைக் கையொப்பமாகவே இருக்கக்கூடும்.

பெயரும் இலக்கமும்

மலையகத்தில் தனிக் கவனம் தேவைப்படும் ஓர் இடம் ஆளடையாளப் பகுதி. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், தோட்டத்துச் செக்ரோலில் வேறொரு பெயர், அடையாள அட்டையில் சிங்களம் வழியாக எழுதப்பட்டு மாறிப்போன ஒரு பெயர் என ஒருவருக்கே மூன்று பெயர்கள் இருப்பது நமக்குப் புதிதல்ல. தந்தை பெயரின் முதலெழுத்து விடுபடுவதும் உண்டு. கடன் பதிவுகள் முக்கியமாக இலக்கத்தைக் கொண்டே இணைக்கப்படுவதால் பெயரின் எழுத்து மாற்றம் மட்டும் பெருஞ்சிக்கலை உண்டாக்காமல் போகலாம். இலக்கம் பிழைத்தால்தான் ஆபத்து.

பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கங்களும் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. 2016 முதல் வழங்கப்படும் இலக்கம் பன்னிரண்டு இலக்கங்கள் கொண்டது. பிறந்த ஆண்டு நான்கு இலக்கங்களில் முழுமையாக எழுதப்படுகிறது. ஒருவர் பழைய இலக்கத்தில் ஒரு கடனும் புதிய இலக்கத்தில் வேறொரு கடனும் பெற்றிருந்தால், இரண்டும் ஒரே ஆளின் கீழ் வந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் எழுதுவினைஞர் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டால் முன்பின் அறியாத ஒருவரின் கடன் உங்கள் அறிக்கையில் வந்து சேரலாம். நீங்கள் ஒழுங்காகக் கட்டிய கடன் வேறெங்கோ போய்ச் சேரலாம்.

வேண்டுமென்றே செய்யப்படும் மோசடியும் உண்டு. அடையாள அட்டையின் போட்டோப் பிரதியைக் கேட்ட இடமெல்லாம் கொடுப்பது நம் வழக்கம். கொடுக்கும்போது பிரதியின் குறுக்கே எந்தத் தேவைக்காக, எந்தத் திகதியில் கொடுக்கப்பட்டது என்று எழுதிக் கொடுப்பது நல்லது. அறிக்கையின் விசாரணைப் பகுதியில் நீங்கள் கடன் கேட்டுப் போகாத நிறுவனமொன்று உங்களைப் பற்றி விசாரித்திருப்பதாகக் கண்டால் உடனே கேள்வி எழுப்புங்கள். கடனாக மாறுமுன்பே மோசடி தெரியவரும் ஒரே இடம் அதுதான்.

பிழையைத் திருத்துதல்

பிழையொன்றைக் கண்டால் யாரிடம் போவது? மாணவர் பலர் "பணியகம் திருத்தும்" என்று எழுதுகின்றனர். இது முழுமையான விடையன்று. தகவலை அனுப்பியது கடன் வழங்கிய நிறுவனம். அந்நிறுவனம் உறுதிப்படுத்தாமல் பணியகம் தன்னிச்சையாக ஓர் எண்ணையும் மாற்றாது. ஆகவே முதலில் அந்த வங்கிக் கிளையிடமோ லீசிங் கம்பனியிடமோ எழுத்து மூலம் முறைப்பாடு செய்ய வேண்டும். பணியகத்துக்கும் பிணக்கைத் தெரிவிக்கலாம். பணியகம் அதை உரிய நிறுவனத்துக்கு அனுப்பி விளக்கம் கேட்கும். நிறுவனம் தன் பதிவைச் சரிபார்த்துத் திருத்தி அனுப்பியதும் அறிக்கை மாறும்.

வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவது பயனற்றது. கடிதத்தின் பிரதியில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வைத்து வாங்க வேண்டும். கடன் முடிந்ததற்கான தீர்வுக் கடிதம், தவணைப் பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றின் பிரதியை இணைக்க வேண்டும். இங்கேதான் பலர் தடுமாறுவர். நகரிலே கட்டிய தவணைக்கான மெல்லிய தாள் பற்றுச்சீட்டு ஒரு மழைக்காலத்தில் மங்கிப்போகும். ராகலைக் குளிரிலும் ஈரத்திலும் அலுமாரிக்குள் வைத்தாலும் எழுத்து மறையும். ஆகவே பற்றுச்சீட்டைப் பெற்ற கிழமையே பிரதி எடுத்தோ, தொலைபேசியில் படம் எடுத்தோ வைப்பது அவசியம். கடன் முடிந்த அன்றே தீர்வுக் கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். வாகனமாயின் உரிமைப் பதிவிலிருந்து லீசிங் கம்பனியின் பெயர் நீக்கப்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும்.

நிறுவனம் பதிலளிக்காவிடின் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறையிடலாம். 2020இல் அமைக்கப்பட்ட இத்திணைக்களத்தின் தொலைபேசி இலக்கம் 1935.

உண்மையாகவே கட்டாமல் விட்ட கடனை எவராலும் அழிக்க முடியாது. "கிரிப்பில இருந்து பேர எடுத்துத் தாறேன், இருபதாயிரம் குடுங்க" என்று சொல்லி வருவோர் ஏமாற்றுக்காரர்களே. கட்டி முடித்த பின்னும் பழைய தாமதத்தின் சுவடு சில காலம் அறிக்கையில் இருக்கும். ஆயினும் தீர்க்கப்பட்ட கடன் என்று காட்டப்படுவதற்கும் நிலுவை என்று காட்டப்படுவதற்கும் வங்கியின் பார்வையில் பெரிய வேறுபாடு உண்டு.

திகதியின் விளையாட்டு

கண்காணித்தல் என்பது அறிக்கையை வாங்கிப் பார்ப்பதோடு முடிவதில்லை. அடுத்த அறிக்கையில் என்ன வரப்போகிறது என்பதை இன்றே ஒழுங்குசெய்வதும் அதனுள் அடங்கும். இதற்கு நம்மூருக்கே உரிய ஓர் உதாரணம் சொல்லலாம்.

ஒரு கடையின் தவணைத் திகதி 25 என்க. கடைக்குக் காசு வருவது சம்பளத்துக்குப் பின், அதாவது அடுத்த மாதம் 10ஆம் திகதிக்குப் பின். முதலாளி 12ஆம் திகதி தவறாமல் கட்டிவிடுகிறார். தம் கணக்கில் அவர் நாணயமானவர். ஆனால் வங்கி மாத முடிவு நிலைமையை அனுப்பினால், ஒவ்வொரு மாத முடிவிலும் ஒரு தவணை பாக்கி என்றே அறிக்கையில் விழும். பன்னிரண்டு மாதமும் தாமதம்! தவணைத் திகதியை 15க்கு மாற்றித் தரும்படி கிளை முகாமையாளரிடம் ஒரு கடிதம் கொடுத்து, அவர் இணங்கினால், வருமானத்தில் ஒரு சதமும் கூடாமலே அறிக்கை சுத்தமாகிவிடும்.

மரக்கறிச் செய்கையாளருக்கு இது மேலும் கடினம். கரட்டும் உருளைக்கிழங்கும் போட்டு எடுக்க ஏறத்தாழ மூன்று மாதங்களோ அதற்கு மேலோ செல்லும். தவணையோ மாதாமாதம் வரும். அறுவடை வரும்போது விலை என்னவாக இருக்கும் என்பது எவருக்கும் தெரியாது. கடன் பெறும்போதே அறுவடைக் காலத்துக்கு ஏற்ற தவணை முறை உண்டா என்று கேட்க வேண்டும். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது நுவரெலியா மாவட்டச் செய்கையாளர் பட்ட பாட்டை நீங்கள் நேரிற் கண்டிருப்பீர்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் எடுத்தவர்களின் தவணை கூடியது. அத்தகைய காலங்களில் கட்ட முடியாமற்போகும் என்று தெரிந்ததும், தவணை தவறுமுன்பே வங்கிக்குப் போய்க் கடனை மீள் அட்டவணைப்படுத்தக் கேட்பது ஒரு வழி. தவறி மூன்று மாதம் கழித்து வங்கி தேடி வரும்வரை இருப்பது மற்றொரு வழி. இரண்டும் அறிக்கையில் வெவ்வேறாகத் தெரியும். 2020இல் கொவிட்-19 காலத்தில் சலுகைக் காலம் பெற்றவர்கள் அம்மாதங்கள் தாமதமாகப் பதியப்பட்டனவா என்பதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

எத்தனை தடவை பார்ப்பது? பொதுவாக வருடத்துக்கு ஒருமுறை போதும். கடன் விண்ணப்பம் செய்வதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் பார்ப்பது மிகப் பயன்தரும், ஏனெனில் பிழை இருந்தால் திருத்த அவகாசம் கிடைக்கும். கடனொன்றை முடித்து இரண்டு மாதங்களின் பின்னும், பங்காளர் ஒருவரைச் சேர்க்கும் முன்னும் பார்க்கலாம். பங்காளராக வருபவர் தமது அறிக்கையைத் தாமே பெற்றுக் காட்டும்படி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரே கிழமையில் ஐந்து லீசிங் கம்பனிகளில் விண்ணப்பம் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். ஐந்து விசாரணைகளும் பதிவாகும். பார்க்கும் வங்கி அதிகாரி, இவருக்குக் காசு நெருக்கடி போலும் என்று எண்ணுவார்.

பரீட்சை நோக்கு

இவ்விடயத்தில் சம்பவக் கற்கை வினா வருமாயின், "பணியகம் கடனை மறுத்தது" என்று ஒருபோதும் எழுத வேண்டாம்; மறுத்தது வங்கி. "பணியகம்" என்பதற்குப் பதிலாக "மத்திய வங்கி" என்று எழுதுவதும் பிழை. மத்திய வங்கி அதன் பங்குதாரர். சட்டத்தின் ஆண்டையும் இலக்கத்தையும் மாற்றி எழுதாதீர்கள்: 1990, 18.

பயிற்சி வினா: மேலே கூறப்பட்ட ராகலை வணிகர் அறிக்கை கிடைத்த பின் முச்சக்கர வண்டிக்கான தீர்வுக் கடிதத்தைச் சமர்ப்பித்தார், லீசிங் கம்பனி பதிவைத் திருத்தியது. லொறிக்கு மேலும் தவணை எதுவும் வரவில்லை; வங்கிக் கடனில் ரூபா 20,000 முதல் குறைந்தது. மச்சான் தமது பாக்கித் தவணைகளைக் கட்டிவிட்டார், பிணையில் உள்ள நிலுவை ரூபா 590,000. (அ) அடுத்த அறிக்கையில் வணிகரின் சொந்தக் கடன்களின் மொத்தம் எவ்வளவாக இருக்கும்? (ஆ) வங்கி அதிகாரி என்ற வகையில் நீங்கள் பிணைத் தொகையை எவ்வாறு கருதுவீர்கள்? காரணம் தருக.

(அ) பகுதிக்கு விடை ரூபா 1,700,000 ஆகும். வங்கிக் கடன் ரூபா 460,000, லொறி லீசிங் ரூபா 1,240,000. ரூபா 1,664,000 என்று பெற்றவர்கள் முச்சக்கர வண்டியின் ரூபா 38,000ஐ முதலில் ரூபா 1,804,500இலிருந்து கழிக்காமல் கொப்பியின் மொத்தத்திலிருந்து கழித்து, ரூபா 2,000 கூட்டல் வழுவும் விட்டிருப்பர்; கொப்பியில் அத்தொகை ஒருபோதும் இருக்கவில்லை. (ஆ) பகுதிக்கு ஒரே விடை இல்லை. நிலுவை தீர்ந்ததைக் காட்டி ஏற்கலாம், மூன்று மாதத் தாமதம் ஒருமுறை நிகழ்ந்ததைக் காட்டித் தயங்கலாம். எந்தப் பக்கம் நின்றாலும், அறிக்கையில் உள்ள எந்த விபரத்தைக் கொண்டு அம்முடிவுக்கு வந்தீர்கள் என்பதற்கே புள்ளி வழங்கப்படும்.